பாட்டிலுக்குக் கணக்கு உண்டு, ஆளுக்கு?

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. தண்ணீர் எவ்வளவு ஏறியது, இறங்கியது என்று தினமும் கணக்கு எழுதுகிறார்கள். அந்த வட்டாரத்து முன்னாள் ராணுவ வீரர் கேன்டீனில் வாங்கும் சரக்குக்கும் கணக்கு உண்டு. பதவிக்கேற்ற மாத ஒதுக்கீடு, ஸ்மார்ட் கார்டில் பதிவு. பி.காம். படித்தவன் என்ற முறையில் பாராட்டுகிறேன். ஆனால், ரம்மை விடமுடியாமல் தவிக்கிறவருக்கு இந்த லெட்ஜரில் ஒரு பத்திகூட இல்லையே, ஏன்?

குடி ஒரு நோய் என்பது சென்னைக்குப் புதுசு இல்லை. சாந்தி ரங்கநாதன் 1980லேயே அதற்காக அமைப்பு தொடங்கிவிட்டார். 2003ல் வந்த ஈ.சி.ஹெச்.எஸ். திட்டத்தில், ஆவடியிலேயே முன்னாள் வீரர்களுக்குப் பாலிகிளினிக் இருக்கிறது. சர்க்கரை, பிரஷரோடு குடியைப் பற்றியும் ஒவ்வொருவரிடமும் கேட்கட்டும். உலக சுகாதார நிறுவனம் 1989லேயே பத்துக் கேள்விகள் தயாரித்து வைத்திருக்கிறது. அதன் பெயரே 'ஆடிட்'தான்!

'ஆஸ்பத்திரியில் வந்து படு' என்றால் செக்யூரிட்டி வேலை பார்க்கிறவர் வரமாட்டார். வேலை போய்விடும். திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடியவருக்குப் படுக்கை கட்டாயம். மற்றவர்களில் பலருக்கு வாரம் ஒரு மாலை, மாத்திரை, கவுன்சலிங், வீட்டுக்காரம்மாவோடும் பேச்சு... வெளிநோயாளியாகவே பார்க்கலாம்.

மலிவு விலையில் பாட்டில் தருவது சலுகை என்றால், குடியை நிறுத்த உதவுவது கடமை இல்லையா? கேன்டீன் கவுன்ட்டரை மூடிய பிறகாவது, இந்தக் கவுன்ட்டரைத் திறங்கள் சார்!