கிராம சபையில் பட்டியலைப் படிக்கட்டும்!

தாராவியிலும் செம்பூரிலும் குடியிருக்கும் நம்மவர்களில் பலருக்கு ஊரில் அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ நிலம் உண்டு. பட்டா அப்பா பெயரில் இருக்கும். உழுவது சித்தப்பாவாக இருக்கும். ஆகவே பி.எம். கிசான் பணத்தில் நடந்த முறைகேடு நமக்குச் சம்பந்தமில்லாத சங்கதி அல்ல.

2019 பிப்ரவரியில் தொடங்கிய திட்டம் அது. நிலமுள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக, நேரே வங்கிக் கணக்கில். (குத்தகைக்கு உழுகிறவனுக்கு ஒன்றுமில்லை, அது தனிக் கதை.) 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்ததும் நிவாரணத் தொகுப்பில் இதையும் சேர்த்து, ஏப்ரல் தவணையை முன்கூட்டியே கொடுத்தார்கள். நல்ல காரியம்தான். இங்கே வேலை நின்று, வீட்டுக்குப் பணம் அனுப்ப வழியின்றி நாம் தவித்த மாதங்கள் அவை.

அதே மாதங்களில்தான் கொள்ளையும் நடந்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் முதலிய மாவட்டங்களில் நிலமே இல்லாதவர்கள் விவசாயிகளாகப் பதியப்பட்டார்கள். கொரோனா உதவிப் பணம் என்று சொல்லி ஏழைகளிடம் ஆதாரையும் பாஸ்புக்கையும் வாங்கிய தரகர்கள், தங்கள் பங்கை எடுத்துக்கொண்டார்கள். வேளாண் அலுவலகத்தின் பாஸ்வேர்டு வெளியாள் கைக்குப் போயிருந்தது. 2020 செப்டம்பரில் அன்றைய வேளாண் துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி சொன்ன கணக்கு: தகுதியில்லாதவர்கள் சுமார் 5.5 லட்சம், தொகை 110 கோடி ரூபாய். சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, கைதுகள் நடந்தன. பணம் போன கணக்குகளிலிருந்து திரும்பப் பிடித்தார்கள். தரகன் சட்டைப்பைக்குப் போனதை எந்தக் கணக்கில் பிடிப்பது?

தமிழ்நாட்டை மட்டும் குறை சொல்வானேன்? நாடு முழுவதும் தகுதியற்ற 42 லட்சம் பேருக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் போயிருந்ததாக 2021 ஜூலையில் அமைச்சர் நரேந்திர சிங் தோமர் மக்களவையில் தெரிவித்தார். நாம் பிழைக்க வந்த மகாராஷ்டிரத்திலும் லட்சக்கணக்கில் இருந்தார்கள்.

பட்டியலை வெளியிட்டால் போதாதா என்பீர்கள். இணையதளத்தில் ஊர்வாரிப் பட்டியல் இருக்கத்தான் செய்கிறது. ஊரில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் அதை எங்கே பார்க்கப் போகிறார்? காதில் விழவேண்டும். ராஜஸ்தானில் 1994-இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் அதைத்தான் செய்தது. அரசாங்க வேலைக்கான கூலிப் பட்டியலை ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். வேலைக்கே வராதவன் பெயரும் அதில் இருந்தது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. 2005-இல் வந்த தகவல் உரிமைச் சட்டத்துக்கு வித்து அங்கே விழுந்தது. மானியம் பெறுவோர் விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று அதன் 4-ஆம் பிரிவு சொல்கிறது.

நம் ஊரில் படிப்பதற்குக் கிராம சபை இருக்கிறது. ஆனால் முறைகேடு வெளிவந்த அதே 2020-இல், அக்டோபர் 2 கிராம சபையைக் கொரோனாவைக் காரணம் காட்டி ரத்து செய்தார்கள். ஊர் கூடிக் கேட்கவேண்டிய நேரத்தில் ஊர் கூடவே இல்லை.

பெயரைப் படித்தால் மானம் போகும் என்பார் சிலர். ஆதார் எண்ணும் கணக்கு எண்ணும் வேண்டாம். பெயரும் தொகையும் போதும். ரேஷன் கடை வரிசையில் ஊர் பார்க்க நிற்கும் ஏழைக்கு இல்லாத மறைவு, வயல் உள்ளவருக்கு எதற்கு?

ரயில்வே குமாஸ்தாவான எனக்கு, பட்டா என் பெயரில் இருந்தாலும் இந்தப் பணம் கிடையாது. நியாயமான விதி. ஆனால் என் பெயரில் வேறு யாராவது வாங்கினால், மாட்டுங்காவில் இருக்கும் எனக்கு எப்படித் தெரியும்? பிள்ளைகளின் விடுமுறைக்கு மே மாதம் ஊருக்குப் போகிறோம். மே 1 கிராம சபை நாள். அன்று ஒரு மணி நேரம் அங்கே போய் உட்கார்ந்து, பட்டியலைப் படிக்கச் சொல்வோம்.