பட்டாளத்துக்கு ஒரு வக்கீல்

நம் பாதுகாப்பு அமைச்சர்களின் பட்டியலைப் பார்த்தால் ஒரு சந்தேகம் வரும். கைலாஷ் நாத் கட்ஜு வக்கீல். கிருஷ்ண மேனன் பாரிஸ்டர். ஒய்.பி. சவானும் ஸ்வரண் சிங்கும் சட்டம் படித்தவர்கள்தாம். ஜஸ்வந்த் சிங்கைப் போல ராணுவ உடுப்புப் போட்டிருந்தவர்கள் அபூர்வம். கறுப்புக் கோட்டுக்காரருக்குப் பட்டாளத்தில் என்ன வேலை?

அந்த நாற்காலியின் வேலை எது என்று தெரிந்தால் சந்தேகம் பாதி தீரும். படையை எங்கே நிறுத்துவது, எப்படி நகர்த்துவது என்பதெல்லாம் தளபதிகள் பாடு. எந்த ஆயுதத்துக்கு எவ்வளவு பணம், எதற்கு முன்னுரிமை, முடிவு தப்பானால் நாடாளுமன்றத்தில் யார் பதில் சொல்வது என்பதெல்லாம் அமைச்சர் பாடு. கோப்பைக் கரைத்துக் குடித்துவிட்டுக் குறுக்குக் கேள்வி போடுகிறவருக்கு இது பழகிய தொழில். அதற்காக வக்கீல் படிப்பு ஒன்றே போதும் என்று சொல்ல வரவில்லை. கிருஷ்ண மேனன் அமைச்சராக இருந்தபோதுதான் 1962 சீனப் போர்த் தோல்வி நேர்ந்தது.

ஆர். வெங்கட்ராமனை எடுத்துக்கொள்வோம். பட்டுக்கோட்டைப் பக்கம் ராஜாமடத்தில் 1910இல் பிறந்தவர். 1935இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீலாகப் பதிந்துகொண்டார். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் இரண்டு ஆண்டு சிறை. வெளியே வந்தபின் 1946இல் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பப்பட்ட வழக்கறிஞர் குழுவில் ஒருவராகப் போனார். ஜப்பானியருக்கு ஒத்துழைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட இந்தியர்களுக்காக வாதாடும் வேலை. போர் முடிந்த மண்ணை அவர் முதலில் பார்த்தது கூண்டில் நின்றவர்களின் பக்கம் இருந்துதான்.

பிறகு தோட்டத் தொழிலாளர், துறைமுகத் தொழிலாளர், ரயில்வே ஊழியர் என்று தொழிற்சங்க வேலை. தொழிலாளர் சட்டத்துக்கென்றே 1949இல் ஓர் இதழ் தொடங்கினார். காமராஜர் காலத்துத் தொழில் அமைச்சர் என்றுதான் பெரியவர்கள் அவரை நினைவு வைத்திருக்கிறார்கள்.

1982 ஜனவரியில் பாதுகாப்புத் துறை அவர் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு நடந்த ஒரு சம்பவத்தை அப்துல் கலாம் தம் வாழ்க்கை நூலில் விவரித்திருக்கிறார். ஏவுகணைகளை ஒன்றன்பின் ஒன்றாக, கட்டம் கட்டமாகச் செய்வதாக விஞ்ஞானிகள் ஒரு திட்டம் கொண்டுபோகிறார்கள். பணம் கேட்டு வருகிறவர் அடக்கமாகக் கேட்பதுதானே வழக்கம்! அமைச்சரோ, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தொடங்கினால் என்ன என்கிறார். கலாமும் அறிவியல் ஆலோசகர் அருணாசலமும் இரவோடு இரவாகத் திட்டத்தை மாற்றி எழுதிக்கொண்டு மறுநாள் காலை போய் நிற்கிறார்கள். ஒதுக்கீடு 388 கோடி ரூபாய். பிருத்வி, திரிசூல், ஆகாஷ், நாக், அக்னி என்று ஐந்தும் அந்த ஒரே திட்டத்தில் பிறந்தவை. திரிசூல் பின்னாளில் கைவிடப்பட்டது. மற்றவையும் சொன்ன தேதிக்கு வந்துவிடவில்லை. ஆனால் ராக்கெட் பொறியியல் படிக்காத ஒருவர், படித்தவர்களைப் பார்த்து 'ஏன் இவ்வளவு குறைவாகக் கேட்கிறீர்கள்?' என்ற பொருளில் கேட்டதை நாம் கவனிக்க வேண்டும்.

1987இல் அவர் குடியரசுத் தலைவர் ஆனார். இங்கேதான் பலருக்கும் குழப்பம். அரசியல் சட்டத்தின் 53ஆவது பிரிவு முப்படைகளின் உச்ச தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் வைக்கிறது. அப்படியானால் அமைச்சராக இருந்ததைவிட அதிகாரம் கூடியதா? இல்லை. அதே பிரிவு, அந்தத் தலைமை சட்டப்படியே செலுத்தப்படும் என்கிறது. 74ஆவது பிரிவோ அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்கச் சொல்கிறது. அமைச்சராக இருந்தபோது திட்டத்தையே மாற்ற முடிந்தவர், தலைவரானபின் வந்த கோப்பில் கையெழுத்திட வேண்டியவர். 1989 மே மாதம் அக்னி முதன்முறை பறந்தபோது அவர் ராஷ்டிரபதி பவனில் இருந்தார்.

அந்தப் பதவியை மின்சாரம் போனால் மட்டும் எரியும் அவசர விளக்குக்கு ஒப்பிட்டவர் அவர். 1989இல் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. தனிப் பெருங்கட்சி என்ற முறையில் ராஜீவ் காந்தியை முதலில் அழைத்தார். அவர் மறுத்த பிறகே வி.பி. சிங். தனக்குப் பிடித்தவர் யார் என்பதற்கு இடம் வைக்காத வரிசை அது. வக்கீல் புத்தி நன்றாக வேலை செய்த இடம் என்று சொல்வேன்.

1991 ஜனவரி 30 வேறு கதை. தமிழகத்தில் தி.மு.க. ஆட்சியைக் கலைக்கப் பிரதமர் சந்திரசேகரின் அரசு முடிவெடுத்தது. ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை தர மறுத்தார். மாநில ஆட்சியைக் கலைக்க இடம் தரும் 356ஆவது பிரிவில் ஆளுநரின் அறிக்கைக்கு அடுத்து 'அல்லது வேறு வகையில்' என்ற பொருளில் ஒரு சிறு சொற்றொடர் உண்டு. கலைப்பு அதன்மேல் ஏறி வந்தது. வெங்கட்ராமன் கையெழுத்திட்டார். சட்டப்படி தவறு காண முடியாது. ஆனால் ஆலோசனையை ஒருமுறை திருப்பி அனுப்பி, மறுபடி யோசியுங்கள் என்று சொல்ல 44ஆவது திருத்தம் அவருக்கு இடம் கொடுத்திருந்தது. விஞ்ஞானிகளைத் திருப்பி அனுப்பி மறுநாள் வரச் சொன்னவர், இந்தக் கோப்பைத் திருப்பவில்லை. பர்னாலாவைப் பீகாருக்கு மாற்றினார்கள். அவர் பதவியை விட்டு விலகினார்.