ஷாக் கொடுத்த பள்ளிக்கு மேடை தரலாமா?

அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரம். 2022-ம் ஆண்டு மே மாதம்.

அங்கே ஒரு பெரிய மகாநாடு கூடியது. பேராசிரியர்கள், டாக்டர்கள், பள்ளி ஆசிரியர்கள், மாணவர்கள் என்று பல நாடுகளிலிருந்தும் வந்திருந்தார்கள். மனிதனும் மிருகமும் ஏன் ஒரு காரியத்தைச் செய்கின்றன, ஏன் விட்டுவிடுகின்றன என்று ஆராய்வது அவர்கள் தொழில். அதற்கு “நடத்தை ஆய்வு” என்று பெயர். அவர்களுடைய சர்வதேசச் சங்கம் 1974-ல் ஆரம்பித்தது. வருஷா வருஷம் மே மாதத்தில் மகாநாடு கூட்டுகிறது.

வழக்கமாக இந்த மகாநாட்டைப் பற்றி வெளியார் யாரும் கவலைப்படுவதில்லை. 2022-ல் மட்டும் நிலைமை வேறு. மாணவர்களின் உடம்பில் மின்சார அதிர்ச்சி கொடுக்கும் ஒரு பள்ளிக்கூடத்தாருக்கு இந்தச் சங்கம் எப்படி இடம் கொடுக்கலாம் என்று பலர் கேட்டார்கள். சங்கத்துக்கு உள்ளேயே கேட்டார்கள்.

அந்தக் கதையைச் சொல்லும் முன், இவர்களுடைய வித்தை என்ன என்று பார்த்துவிடுவோம்.

கடை வாசலில் அழும் பிள்ளை

நீங்கள் குழந்தையோடு கடைக்குப் போகிறீர்கள். மிட்டாய் கேட்டு அது அழுகிறது. நாலு பேர் பார்க்கிறார்கள். வெட்கமாக இருக்கிறது. வாங்கிக் கொடுத்துவிடுகிறீர்கள். அழுகை நின்றுவிடுகிறது.

மறுநாள் கடை வாசலுக்கு வந்ததுமே அழுகை ஆரம்பித்துவிடும். ஏன்? நேற்று அழுதது, மிட்டாய் கிடைத்தது. அழுகைக்கு நீங்களே பரிசு கொடுத்துவிட்டீர்கள்!

நடத்தை ஆய்வின் முதல் பாடம் இவ்வளவுதான். ஒரு செயலுக்குப் பின்னால் நல்லது கிடைத்தால் அந்தச் செயல் வளரும். ஒன்றும் கிடைக்காவிட்டால் தேயும்.

இதைச் சோதித்துக் காட்டியவர் ஹார்வர்டு சர்வகலாசாலைப் பேராசிரியர் ஸ்கின்னர் (1904 – 1990). புறாவையும் எலியையும் பெட்டிக்குள் விட்டார். சரியான இடத்தைக் கொத்தினால் தானியம் விழும். இந்த முறையிலேயே புறாக்களுக்கு மேஜைப் பந்து ஆடக்கூடக் கற்றுக் கொடுத்தார். இரண்டாவது உலக யுத்தத்தின்போது குண்டுக்கு வழி காட்டவும் புறாக்களைப் பழக்கினார். ராணுவத்தார் அந்தத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள். (புறாக்கள் தப்பின!)

மூக்குக் கண்ணாடி

புறாவுக்குச் செய்தது பிள்ளைக்கு உதவுமா?

வாஷிங்டன் மாநிலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மூன்றரை வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். ஆட்டிசம் உள்ள பிள்ளை. இயல்பான பேச்சு இல்லை. கண்ணில் புரை வந்து, ஆபரேஷன் செய்திருந்தார்கள். அவன் கண்ணாடி போட்டே தீரவேண்டும். இல்லாவிட்டால் பார்வை போய்விடும் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். பெற்றோர் ஒரு வருஷம் கெஞ்சிப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. தலையை முட்டிக்கொண்டு கத்துவான்.

உல்ஃப், ரிஸ்லி, மீஸ் என்ற மூன்று நிபுணர்கள் வந்தார்கள். கண்ணாடியை அவன் முகத்தில் மாட்டவே இல்லை. வில்லை இல்லாத வெறும் சட்டங்களை அறையில் போட்டு வைத்தார்கள். அவன் அதைத் தொட்டால் ஒரு சின்னப் பரிசு. கையில் எடுத்தால் பரிசு. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு வந்தால் பரிசு. மிட்டாய் போதவில்லை, காலைச் சாப்பாட்டையே கவளம் கவளமாகக் கொடுத்தார்கள். பட்டினி வயிற்றோடு விளையாடிய விளையாட்டு அது என்று இன்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் பையன் கண்ணாடி போட்டுக்கொண்டான். ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்போது 600 மணி நேரத்துக்கு மேல் போட்டிருந்தான். வீட்டுக்குப் போன பிறகும் கழற்றவில்லை. பேச்சும் வளர்ந்தது. இது 1964-ல் வெளியான செய்தி.

அடித்த கை

எல்லோரும் இவ்வளவு பொறுமைசாலிகளாக இருக்கவில்லை.

கலிபோர்னியாவில் லோவாஸ் என்ற பேராசிரியர் ஆட்டிசக் குழந்தைகளுக்குப் பேசக் கற்றுக் கொடுத்தார். பரிசும் கொடுத்தார், அறையும் கொடுத்தார். 1960-களில் மின்சார அதிர்ச்சியையும் பரீட்சித்துப் பார்த்தார். 1987-ல் அவர் வெளியிட்ட அறிக்கை உலகம் முழுவதும் பரவியது. 19 குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரம் வீதம், இரண்டு வருஷங்களுக்கு மேல் பயிற்சி கொடுத்ததில், 9 பேர் சாதாரணப் பிள்ளைகளைப் போல முதல் வகுப்பில் தேறினார்கள் என்றார். பெற்றோர்களுக்கு நம்பிக்கை பிறந்தது. ஆனால் அந்தப் பயிற்சியிலும் உரத்த அதட்டலும் தொடையில் அடியும் இருந்தன. நம்பிக்கையோடு அந்த அடியும் சேர்ந்தே ஊர் ஊராகப் போயிற்று.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்குத் தெற்கே கான்டன் என்ற ஊரில் நீதிபதி ரோட்டன்பர்க் கல்வி மையம் இருக்கிறது. இதை நிறுவிய மாத்யூ இஸ்ரேல், ஸ்கின்னரிடம் படித்தவர். தண்டனையால் வரும் மாற்றம் நெடுநாள் நிற்காது என்று எழுதியவர் ஸ்கின்னர். சிஷ்யரோ வேறு வழியில் போனார்!

அங்கே சில மாணவர்களின் கையிலும் காலிலும் மின்சார வில்லைகளைக் கட்டுவார்கள். கருவி முதுகுப் பையில் இருக்கும். விசை ஊழியர் கையில் இருக்கும். மாணவன் தப்புச் செய்தால் விசையை அழுத்துவார். தன்னைத் தானே கடித்துக்கொள்வதையும், தலையை மோதிக்கொள்வதையும் நிறுத்தத்தான் இந்த முறை என்றார்கள். ஆனால் 2002-ல் ஓர் இளைஞனுக்கு ஒரே நாளில் 31 தடவை அதிர்ச்சி கொடுத்தார்கள். முதல் தடவை எதற்காகத் தெரியுமா? மேல்கோட்டைக் கழற்றவில்லை என்பதற்காக! 2012-ல் அந்தப் படம் கோர்ட்டில் காட்டப்பட்டது.

2007 ஆகஸ்டில் நடந்தது இன்னும் மோசம். மாணவர் விடுதிக்கு ராத்திரி ஒரு டெலிபோன் வந்தது. “நான் மேலதிகாரி பேசுகிறேன். அந்த இரண்டு பையன்களும் சாயந்திரம் தப்புச் செய்தார்கள். தண்டனை கொடு” என்ற உத்தரவு. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை எழுப்பினார்கள். ஒருவனுக்கு 77 தடவை. மற்றவனுக்கு 29 தடவை. பேசியவன் மேலதிகாரியே அல்ல! வேண்டுமென்றே செய்த மோசடி. விசை கையில் இருந்தவர் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை.

ஐக்கிய நாடுகள் சபையின் சித்திரவதை விசாரணை நிபுணர் 2013-ல் இந்த முறையைக் கண்டித்தார். அப்படியும் இந்தப் பள்ளிக்காரர்கள் பல வருஷங்களாக நடத்தை ஆய்வு மகாநாடுகளுக்கு வந்தார்கள். பேசினார்கள். கடை விரித்தார்கள்.

மேடையும் ஒரு மிட்டாய்தான்

“பேசவிட்டால் என்ன? கருத்துச் சுதந்திரம் வேண்டாமா? எதிர்ப்பவர்கள் எழுந்து கேள்வி கேட்கட்டுமே!” என்று ஒரு கட்சி.

இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. விஞ்ஞானம் வளர்வதே வாதத்தில்தான்.

ஆனால் மகாநாட்டு மேடை வெறும் பேச்சு மேடையல்ல. தொழில் சான்றிதழ் பெற்ற நிபுணர்கள் அதைப் புதுப்பிக்க அவ்வப்போது படித்தாக வேண்டும். மகாநாட்டுப் பேச்சைக் கேட்பதும் அந்தப் படிப்பில் சேரும். இளைய மாணவர்கள் மேடையில் இருப்பவரைப் பார்த்து, இவர் பெரியவர் என்று நினைப்பார்கள். பள்ளிக்காரர்களும், “அந்த மகாநாட்டில் பேசினோம்” என்று ஊருக்குச் சொல்லலாம். பரிசு கொடுத்த செயல் வளரும் என்று புறாவை வைத்து நிரூபித்த கூட்டத்தார்தான் இவர்கள். ஷாக் கொடுப்பவருக்கு ஒலிபெருக்கியையும் கைதட்டலையும் கொடுத்தால் எது வளரும் என்று அவர்களுக்கா தெரியாது?

சங்கம் ஒரு குழுவை அமைத்தது. குழுவினர் அந்தப் பள்ளிக்கே போய்ப் பார்த்தார்கள். கடைசியில் இரண்டு தீர்மானங்கள் உறுப்பினர்கள் முன் வந்தன. மிக அபூர்வமான சந்தர்ப்பத்தில் ஷாக் கொடுக்கலாம் என்பது ஒன்று. எந்தச் சந்தர்ப்பத்திலும் கூடாது என்பது மற்றொன்று. ஓட்டுப் போட்டார்கள். இரண்டாவது ஜெயித்தது. 2022 நவம்பரில் சங்கம் அதைத் தன் கொள்கையாக அறிவித்தது.

காலம் கடந்து வந்த தீர்மானம்தான். ஆனாலும் உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு வந்த தீர்மானம்.

பெற்றோரும் கோர்ட்டுக்குப் போனார்கள்

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. ஷாக் வேண்டும் என்று வாதாடியவர்களில் பெற்றோரும் இருந்தார்கள். மருந்து கொடுத்தோம், பலிக்கவில்லை. பிள்ளை தன்னையே அடித்துக்கொள்கிறான். இந்தக் கருவி வந்த பிறகுதான் நின்றது என்றார்கள். அந்தத் தாய் தகப்பன்மாரைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரத்தம் வரத் தலையை மோதும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020 மார்ச்சில் இந்தக் கருவியைத் தடை செய்தது. அப்போது சுமார் 45 முதல் 50 பேர் வரை இந்தச் சிகிச்சையில் இருந்ததாகக் கணக்கிட்டது. பள்ளியும் பெற்றோரும் கோர்ட்டுக்குப் போனார்கள். 2021 ஜூலையில் கோர்ட் தடையை ரத்து செய்தது. 2022 டிசம்பரில் அமெரிக்கப் பார்லிமெண்டு புதுச் சட்டம் போட்டு, தடை விதிக்கும் அதிகாரத்தைத் தெளிவாகக் கொடுத்தது. 2024 மார்ச்சில் நிர்வாகம் மறுபடியும் தடை உத்தரவின் நகலை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது.

பிள்ளை ஏன் மோதிக்கொள்கிறது?

ஷாக் இல்லாமல் வேறு வழி உண்டா? உண்டு. அதுவும் இதே கூட்டத்தாரிடமிருந்துதான் வந்தது.

1982-ல் பால்டிமோர் நகரில் இவாட்டா என்பவரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். தங்களையே அடித்துக்கொள்ளும் 9 பேரை எடுத்துக்கொண்டார்கள். தனியாக விட்டுப் பார்த்தார்கள். பாடம் சொல்லிப் பார்த்தார்கள். அடித்துக்கொண்டால் ஓடிவந்து கண்டித்துப் பார்த்தார்கள். சும்மா விளையாட விட்டும் பார்த்தார்கள். ஆறு பேருக்கு ஏதோ ஒரு நிலைமையில் மட்டும் அடி அதிகமாயிற்று. ஆளுக்கு ஆள் அந்த நிலைமை வேறு!

ஒரு பிள்ளைக்குப் பாடத்திலிருந்து தப்பிக்க வேண்டும். இன்னொன்றுக்குப் பெரியவர்கள் பக்கத்தில் வரவேண்டும். வாயில் பேச்சில்லாததால் தலையால் பேசுகிறது. “போதும்” என்று சொல்லவோ, சைகை காட்டவோ கற்றுக் கொடுத்தால் மோதல் குறைகிறது. கிரிகரி ஹான்லி போன்ற நிபுணர்கள் இன்னும் ஒரு படி போய், குழந்தை முதலில் சந்தோஷமாக இருக்க வேண்டும், பாடம் பிறகுதான் என்கிறார்கள்.

இதிலும் திருப்தியில்லாதவர்கள் உண்டு. சிறு வயதில் இந்தப் பயிற்சியில் இருந்து, இப்போது வளர்ந்துவிட்ட ஆட்டிசக்காரர்கள் அவர்கள். “கையை ஆட்டாதே, கண்ணைப் பார் என்று எங்களைப் பழக்கினீர்கள். அது யாருக்காக? எங்களுக்காகவா, பார்ப்பவர்களுக்காகவா?” என்று கேட்கிறார்கள்.

சென்னையிலும் இன்று ஏ.பி.ஏ. என்ற பெயரில் இந்தப் பயிற்சி கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. ஆட்டிசத்தை நம் நாட்டின் 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் சட்டமும் ஏற்றிருக்கிறது. பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் சான்றிதழைப் பார்ப்பதோடு நிற்க வேண்டாம். “பயிற்சி நடக்கும்போது நானும் அறையில் உட்காரலாமா? அவன் ஏன் கத்துகிறான் என்று பார்த்தீர்களா? அவன் வேண்டாம் என்று காட்டினால் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். அறைக்குள் வரக்கூடாது என்று பதில் வந்தால், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய் விசாரியுங்கள்.