கணக்கை முடக்கலாம், காரணம் சொல்ல வேண்டாமா?

இணையச் சந்தைகள் தங்களைத் தாங்களே ஒழுங்குபடுத்திக்கொள்ளட்டும் என்பதுதான் முடிவு என்றால், அதை ஏற்க முடியாது. இந்திய தர நிர்ணய அமைவனம் தயாரித்து 2025 தொடக்கத்தில் கருத்துக் கேட்புக்கு வந்த சுயகட்டுப்பாட்டு வரைவைப் படித்தவர்களுக்கு இந்த எரிச்சல் புரியும். சட்டம் பேச வேண்டிய இடத்தில் மறுபடியும் நெறிமுறையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் தொகுதியின் ஒரகடம், வல்லம் வடகால், படப்பை வட்டாரத்தில் ஒப்பந்தக் காலம் முடிந்து ஆலையை விட்டு வெளியே வருகிறவர்களுக்கு அடுத்த வாசல் பெரும்பாலும் சொந்தத் தொழில்தான். வாடகை வீட்டின் ஓர் அறையில் சரக்கை அடுக்கி, ஜிஎஸ்டி எண் வாங்கி, இணையச் சந்தையில் விற்பனையாளராகப் பதிவு செய்கிறார்கள். ஒருநாள் காலையில் கணக்கு திறக்காது. ‘விதிமீறல்’ என்று ஒரு வரி மின்னஞ்சல் வரும். எந்த விதி, எந்தப் பொருள், யார் புகார் என்ற விவரம் இருக்காது. ஏற்கெனவே விற்ற பொருளுக்கான பணம் நிறுத்தி வைக்கப்படும். நிறுவனத்தின் கிடங்கில் கிடக்கும் சரக்கைத் திரும்பக் கேட்கவும் அதே கணக்குக்குள்தான் போக வேண்டும். மேல்முறையீடு செய்தால் முதலில் வந்த பதிலே சொல் மாறாமல் மீண்டும் வரும்.

போலிப் பொருள் விற்பவரை உடனே வெளியேற்றத்தான் வேண்டும். அதில் மறுபேச்சு இல்லை. தவறு செய்யாதவர் எங்கே போய் முறையிடுவது என்பதே கேள்வி. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று நினைப்போம். அந்தக் கதவைத்தான் 2019-ல் சாத்திவிட்டார்கள்.

1986-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், 2002 திருத்தத்துக்குப் பிறகு, பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் வாங்கும் பொருள் மட்டுமல்ல, அவர் பெறும் சேவையும் ‘வணிக நோக்கம்’ என்ற விலக்கில் சேராது என்று தெளிவாக இருந்தது. 2019-ம் ஆண்டுச் சட்டத்தின் 2(7) பிரிவில் பொருள் மட்டும் நிற்கிறது. சேவை காணாமல் போய்விட்டது. கோவை பிஎஸ்ஜி தொழில் நிறுவனத்துக்கு எதிராக லக்ஷ்மி இன்ஜினியரிங் தொடுத்த வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம், பிழைப்புக்காக லேத் வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான் என்று விளக்கியது. ஆகவே ஒரகடத்தில் பழைய லேத் ஒன்றை வாங்கி ஏமாந்தவர் இன்றும் ஆணையத்தில் நிற்கலாம். அந்த லேத்தில் கடைந்த உதிரிபாகத்தை விற்க, கமிஷன் கொடுத்து இணையச் சந்தையின் சேவையைப் பெற்றவர் போனால், நீங்கள் வணிகர் என்று வாசலிலேயே மறுப்பு எழும். இருவருக்கும் அதே பிழைப்பு, அதே முதலீடு, அதே கடன். இந்த வேறுபாட்டுக்கு இன்றுவரை ஏற்கத்தக்க ஒரு காரணமும் சொல்லப்படவில்லை.

2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளும் கைகொடுக்கவில்லை. 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு என்பதெல்லாம் நுகர்வோர் புகாருக்குத்தான். விற்பனையாளர் உரிமையியல் நீதிமன்றத்துக்கோ நடுவர் தீர்ப்புக்கோ போக வேண்டும். ஒப்பந்தத்தில் அந்த இடம் பெரும்பாலும் டெல்லி அல்லது பெங்களூரு. முடங்கிய தொகை முப்பதாயிரம் ரூபாயாக இருந்தால் யார் ரயில் ஏறுவார்கள்? அதே மாதத்தில், 2020 ஜூலை 12 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. ஒரு விற்பனையாளரை அடியோடு நீக்குவதானால் பொதுவாக 30 நாள் முன்னதாக, காரணங்களோடு அறிவிக்க வேண்டும் என்கிறது அது. நம் புதிய நுகர்வோர் சட்டம் நடைமுறைக்கு வந்தது எட்டு நாள் கழித்து, ஜூலை 20-ல். அதைப் பார்த்து எழுதக்கூட இவர்களுக்கு மனம் வரவில்லை.

வாங்கியவர் நிலையும் இதோடு கட்டுண்டது. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது, பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று விதிகள் விற்பனையாளருக்குக் கடமை விதிக்கின்றன. கணக்கே பூட்டப்பட்டவர் ஆர்டரைப் பார்ப்பது எப்படி, வாங்கியவரைத் தொடர்புகொள்வது எப்படி? உத்தரவாதக் காலம் ஓடிக்கொண்டிருக்க, வாங்கியவர் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துக்கொண்டிருப்பார்.

விற்பவர் கைவிட்டால் சந்தை நிறுவனமே பொறுப்பேற்க வேண்டும் என்று 2021 ஜூனில் ஒரு திருத்த வரைவு வந்தது. பெரு நிறுவனங்கள் முகம் சுளித்தன; வரைவு கிடப்பில் போனது. அதே ஆண்டு, மாவட்ட, மாநில நுகர்வோர் ஆணையங்களில் தலைவர், உறுப்பினர் பணியிடங்கள் காலியாகக் கிடந்ததை உச்ச நீதிமன்றம் தானாக வழக்காக எடுத்துக் கடிந்துகொள்ள வேண்டியிருந்தது. போலி மதிப்புரைகளைத் தடுக்க 2022 நவம்பரில் ஒரு தரநிலை வந்தது. அதைப் பின்பற்றுவது அவரவர் விருப்பம் என்று விட்டார்கள். தரமற்ற 2,265 பிரஷர் குக்கர்கள் விற்பனையான விவகாரத்தில் அமேசானுக்கு 2022 ஆகஸ்ட்டில் விதித்த அபராதம் ஒரு லட்சம் ரூபாய். அந்த விற்பனையில் நிறுவனத்துக்குக் கிடைத்த கட்டணமோ ஆறு லட்சத்துக்கும் மேல் என்று அந்த உத்தரவே சொல்கிறது. ஒவ்வொரு முறையும் அதே மேசைகள், அதே தயக்கம். இந்தக் கைகள் சுயகட்டுப்பாடு என்று எழுதும்போது, கட்டுப்பாடே வேண்டாம் என்றுதான் நாம் படிக்க வேண்டியிருக்கிறது.

முடக்கப்படுகிறவருக்குக் காரணமும் கெடுவும் முறையிட ஓர் இடமும் சட்டத்தில் வேண்டும். வாங்கியவருக்கான பொறுப்பைச் சந்தை நிறுவனம் ஏற்க வேண்டும். எந்த விதியைத் திருத்தி இதைச் செய்வது என்பதை அதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் முடிவு செய்யட்டும். 2(7) பிரிவிலிருந்து ‘சேவை’ ஏன் நீக்கப்பட்டது என்று அடுத்த கூட்டத்தொடரிலேயே ஸ்ரீபெரும்புதூர் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் எழுந்து கேட்க வேண்டும். பதிலை எழுத்தில் வாங்கி வர வேண்டும்.