உடலைத் திருத்துவதா, உலையைத் தணிப்பதா?

பூமி சூடேறிவிட்டது, ஆகவே மனிதனை மாற்றியமைப்போம் என்றொரு வாதம் எழுந்துள்ளது. பொழுது போகாதவர்களின் பேச்சென்று இதைத் தள்ளிவிடவே நாமும் எண்ணினோம், இயலவில்லை. மாத்யூ லியாவோ என்னும் தத்துவப் பேராசிரியரும் அவருடைய தோழர் இருவரும் 2012இல் எழுதிய கட்டுரை இதை முறையாகவே முன்வைத்தது. இறைச்சி உண்டால் குமட்டும்படி மருந்து தரலாமாம். குள்ளமாக வளரக்கூடிய கருவைத் தேர்ந்தெடுத்து மனிதரின் உயரத்தை 15 சென்டிமீட்டர் குறைக்கலாமாம். எவரையும் வற்புறுத்தலாகாது என்றும் அவர்கள் எழுதினர். நியாயத்திற்காக அதையும் சொல்லிவிடுகிறோம். (அம்மருந்தை உண்டவர் வீட்டுக் குர்பானி இறைச்சி முழுவதும் அண்டை வீட்டாருக்கே கிடைக்கும்; நாம் கண்ட நன்மை அவ்வளவே!) இப்போது பேச்சு மரபணுவரை வந்துவிட்டது. வெயிலைத் தாங்கும் பிள்ளைகளையே பெற்றுக்கொண்டால் என்ன என்கிறார்கள்.

நம்மவரிற் சிலர் இதற்கு உடனே விடை பகர்ந்துவிடுகின்றனர். இறைவனின் படைப்பை மாற்றும்படி மனிதரை ஏவுவதாக ஷைத்தான் சூளுரைத்ததை சூரா அந்நிஸாவின் 119ஆம் வசனம் கூறுகிறதே, பின் பேச்சென்ன என்பார்கள். அவ்வசனத்தை அப்படி விரித்தால் கண்புரை அறுவையும் ஹராமாகிவிடும்! 1998இல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹு மன்றம் நோய் தீர்க்க மரபணு மருத்துவத்தை அனுமதித்தது. மனித இனத்தைச் 'சீர்படுத்த' அதைக் கையாளுவதைத் தடுத்தது. நமது நிலையும் அதுவே. நீலகிரிப் பழங்குடியினரையும் வாட்டுகின்ற அரிவாள் செல் இரத்தசோகைக்கு மரபணுவைத் திருத்தும் சிகிச்சை 2023இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றபோது, அல்ஹம்துலில்லாஹ் என்றோம். அத்திருத்தம் நோயாளியோடு நின்றுவிடும். கருவிற் செய்யும் திருத்தமோ, சம்மதம் கேட்கப்படாத தலைமுறைகளுக்கெல்லாம் இறங்கும். 2018இல் சீனத்தில் ஹெ ஜியான்குய் கருவைத் திருத்திக் குழந்தைகள் பிறக்கச் செய்தார். மறு ஆண்டே அவருக்கு மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளும் இதைத் தடுத்துள்ளன.

அறிவியலை நோக்கினும் இது வீண்கனவே. வியர்வை ஆவியாவதாலேயே நம் உடல் குளிர்கிறது. காற்றில் ஈரம் நிறைந்துவிட்டால் வியர்வை வழியுமேயன்றி உலராது. அது காற்றின் நிலை, மரபணுவின் குற்றமன்று.

நாம் இதை அஸ்தம்பட்டியிலிருந்து எழுதுகிறோம். குளிர்ந்த ஏற்காட்டுக்குச் செல்லும் சாலை எங்கள் ஊர் வழியேதான் போகிறது. குளிர்ச்சி மட்டும் இங்கே இறங்குவதில்லை. 2024 ஏப்ரலில் சேலத்தின் வெப்பம் 40 பாகை செல்சியஸைக் கடந்த நாட்களில், நடுப்பகலில் சாந்துச்சட்டி சுமந்த சித்தாள் பெண்ணுக்கு வேண்டியிருந்தது புதிய மரபணுவா? நிழலன்றோ, நீரன்றோ, கூலி குறையாத ஓய்வன்றோ! சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் தமிழகத்தில் 800 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வு, கடும் வெப்பத்தில் உழைப்போருக்குக் கரு கலையும் அபாயம் இருமடங்கு என்று காட்டியது. கருவைத் திருத்தப் புறப்படுவோர், அதைச் சுமப்பவளை முதலில் வெயிலிலிருந்து அழைத்து வரட்டும்.

உலகில் செல்வம் மிகுந்த பத்திலொரு பங்கினரே கரியமில வாயுவின் ஏறத்தாழப் பாதிக்குக் காரணர். தீ மூட்டியவர் குளிரூட்டிய அறையில் இருக்க, எரிபவரின் தோலை மாற்று என்பது எந்த ஊர் நீதி? ஒரு தீங்கை அதற்கு நிகரான தீங்கினால் அகற்றலாகாது என்பது ஃபிக்ஹு நூலோர் வகுத்த விதி. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தோர் குடும்பத்திற்கு 4 லட்சம் ரூபாய் என்றது. நல்லதே, ஆயினும் அது மய்யித்துக்குப் பின் வரும் பணம்.

நம்முள் கட்டிடம் கட்டுவோரும் பட்டறை நடத்துவோரும் பலர். லுஹர் பாங்கிலிருந்து அஸர் வரை வெயிலில் வேலையை நிறுத்துகிறார்களா, அந்நேரத்திற்குக் கூலி பிடிக்கிறார்களா, கீற்றுப் பந்தலும் தண்ணீர்ப் பானையும் வைத்திருக்கிறார்களா என்று வரும் பங்குனிக்கு முன்பே அந்தந்த மஹல்லா ஜமாஅத்தார் அவர்களை அழைத்துக் கேட்கட்டும்.