வருகைப் பதிவேட்டின் முன்னால்

வேலைநிறுத்த நாளின் காலையில் அரசுப் பள்ளி ஆசிரியருக்கு வருகைப் பதிவேடு கனத்துவிடுகிறது. கையெழுத்துப் போட்டால் சங்கத் தோழர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? போடாவிட்டால் அன்றைய சம்பளம் போகும்.

தமிழக அரசுப் பணியில் 2003 ஏப்ரல் 1-க்கு முன் சேர்ந்தவருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி, உயிருள்ளவரை ஓய்வூதியம். அதன் பிறகு சேர்ந்தவரிடம் அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் மாதந்தோறும் 10 சதவீதம் பிடித்தார்கள். அரசும் அதே அளவு போட்டது. ஓய்வுக்குப் பின் மாதம் இவ்வளவு வரும் என்ற உறுதி மட்டும் அந்தத் திட்டத்தில் இல்லை. ஒரே பள்ளி, அடுத்தடுத்த நாற்காலி, இரண்டு விதமான முதுமை. வேலைநிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் இந்தக் கோபம் நியாயமானது.

பயமும் நியாயமானதுதான். 2003 ஜூலை வேலைநிறுத்தத்தின்போது சுமார் 1,70,000 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்று ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துத்தான் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ பழைய ஓய்வூதியம் கேட்டு நடத்திய போராட்டமோ, பொதுத்தேர்வு நெருங்கும் வேளையில், கோரிக்கை நிறைவேறாமலே ஒன்பது நாளில் முடிந்தது.

ஆகவே, ஒற்றைச் சம்பளத்தில் குடும்பத்தை ஓட்டும் இளைய ஆசிரியர் கையெழுத்துப் போட்டால் அவரைக் கருங்காலி என்று ஏசுவது தவறு. பழைய ஓய்வூதியம் உறுதியானவர்கள்தான் முன்வரிசையில் நிற்க வேண்டும்.

மூத்தவர்களே, இளையவரின் சம்பள இழப்பைச் சங்க நிதியிலிருந்து ஈடுகட்டுங்கள். பிள்ளைகள் இழந்த பாடங்களைச் சனிக்கிழமைகளில் நடத்திக் கொடுங்கள்.