இயக்குநரை நீக்கும்போது காரணத்தை எழுதுங்கள்: சிறு பங்குதாரர் சங்கத்தின் நிலைப்பாடு

பதவிக்காலம் முடியும் முன்பே ஒரு கம்பெனியின் இயக்குநரைப் பங்குதாரர்கள் நீக்கலாம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், 169ஆவது பிரிவில் அதற்கு வழிவிட்டிருக்கிறது. பொதுக்கூட்டத்தில் விழும் வாக்குகளில் பாதிக்கு மேல் கிடைத்தால் போதும். இரண்டாம் முறை நியமிக்கப்பட்ட சுயேச்சை இயக்குநர் என்றால் மட்டும் சிறப்புத் தீர்மானம் வேண்டும். என்ன தவறு செய்தார் என்று சட்டம் கேட்பதில்லை. எல்ஐசிக்கும் எஸ்கார்ட்ஸுக்கும் இடையே நடந்த வழக்கில், பங்குதாரர்கள் தங்கள் தீர்மானத்துக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அல்லர் என்று 1985இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதில் எங்கள் உறுப்பினர்களே இரண்டுபட்டு நிற்கிறார்கள். காரணமே இல்லாமல் ஒருவரை வெளியே அனுப்புவது அநியாயம், சட்டத்தைத் திருத்த வேண்டும் என்பது ஒரு தரப்பு. வாக்கு நம்முடையது, விளக்கம் எதற்கு என்பது மறு தரப்பு. சங்கத்தின் முடிவு இது: சட்டத்தில் காரணத்தைக் கட்டாயமாக்க வேண்டாம். ஆனால் நடத்தைக் கேட்டுக்காக ஒருவரை நீக்கும்போது, அந்தக் கேடு என்ன என்பதைத் தீர்மானத்துடன் தரும் விளக்கக் குறிப்பில் தேதி, தொகையோடு எழுதியே ஆக வேண்டும்.

கட்டாயமாக்கினால் என்ன ஆகும்? சொன்ன காரணம் போதுமா, போதாதா என்று ஒவ்வொரு நீக்கமும் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகும். இடைக்காலத் தடை கிடைத்தால், காசோலையில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தோடு அந்த இயக்குநர் அதே நாற்காலியில் இருப்பார். டாடா சன்ஸ் தலைவர் பதவியிலிருந்து சைரஸ் மிஸ்திரி 2016 அக்டோபரில் நீக்கப்பட்டார். 2017 பிப்ரவரியில் இயக்குநர் பதவியும் போனது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2019இல் அவருக்குச் சாதகமாகச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தபோது 2021 மார்ச் ஆகிவிட்டது. காரணம் கட்டாயமில்லாத இன்றைய சட்டத்திலேயே நாலரை ஆண்டு. நாட்டின் பெரிய வக்கீல்களை அமர்த்த முடிந்தவர்கள் அவர்கள். நூறு பங்கு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரால் அவ்வளவு காலம் கோர்ட்டு ஏற முடியாது.

அப்படியானால் காரணத்தை ஏன் எழுத வேண்டும்? முதல் விடை பணம். நிர்வாக இயக்குநரையோ முழுநேர இயக்குநரையோ பாதியில் நீக்கினால், மீதிக் காலத்துக்கோ மூன்று ஆண்டுகளுக்கோ, எது குறைவோ அதுவரைக்குமான ஊதியத்தை இழப்பீடாகத் தர 202ஆவது பிரிவு இடமளிக்கிறது. மோசடி, நம்பிக்கைத் துரோகம், பெரும் கவனக்குறைவு, பெரும் நிர்வாகச் சீர்கேடு ஆகியவற்றைச் செய்தவருக்கு அது கிடையாது. கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தில் “நீக்கப்பட்டார்” என்று ஒற்றை வரி மட்டும் இருந்தால், பின்னாளில் அவர் கேட்கும் கோடிக்குப் பதில் சொல்ல கம்பெனியின் கையில் என்ன இருக்கும்?

எது நடத்தைக் கேடு என்பதுதான் அடுத்த கேள்வி. பன்னிரண்டு மாதம் ஒரு போர்டு கூட்டத்துக்கும் வராதவர், தனக்கு நலன் உள்ள ஒப்பந்தத்தை மறைத்தவர் ஆகியோரின் பதவி 167ஆவது பிரிவின்படி தானாகவே காலியாகும். அதற்கு வாக்கெடுப்பு தேவையில்லை. சிக்கல் வருவது, சட்டத்தின் எழுத்துக்குள் அடங்கி, அதன் நோக்கத்தை மீறுகிறவர்களிடம்தான்.

நம் ஊர்ப் பஞ்சாலை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கழிவுப் பஞ்சை ஆண்டு முழுவதும் ஒரே ஆள் எடுக்கிறார். விலை சந்தையைவிடக் கிலோவுக்கு நாலு ரூபாய் குறைவு. எடுப்பவர் நிர்வாக இயக்குநரின் மனைவியின் தம்பி. ஆண்டின் முதல் போர்டு கூட்டத்தில் தரும் எம்பிபி-1 என்ற நலன் அறிவிப்புப் படிவத்தில் இயக்குநர் அந்த வியாபாரத்தைக் காட்டவில்லை. ஆடிட்டரும் கேட்கவில்லை. கேட்க வழியும் இல்லை. சட்டம் சொல்லும் ‘உறவினர்’ பட்டியலில் அப்பா, அம்மா, மகன், மருமகள், மகள், மருமகன், உடன்பிறந்தோர் எல்லாம் உண்டு, மச்சினன் இல்லை! கல்யாணத்தில் முதல் மரியாதை, கடனுக்கு ஜாமீன், கம்பெனியில் பங்கு என்று எல்லாவற்றிலும் இருக்கிற மச்சினன் சட்டத்தின் கண்ணுக்கு மட்டும் அந்நியன்.

ஆகவே பட்டியலில் இல்லை என்ற பதிலை நாங்கள் ஏற்க மாட்டோம். கம்பெனியின் நலனோடு மோதும், மோதக்கூடிய நேரடி, மறைமுக நலன் எதிலும் இயக்குநர் மாட்டிக்கொள்ளக் கூடாது என்கிறது 166ஆவது பிரிவு. மச்சினனுக்குப் போன நாலு ரூபாய் அதில் அடங்கும், அதை வைத்து நீக்கலாம் என்பதே எங்கள் கருத்து.

நேர்மையாக எடுத்த முடிவு நஷ்டத்தில் முடிந்தால் அது கேடு அல்ல. போர்டில் மாற்றுக் கருத்துப் பதிவு செய்வதும், ஆடிட்டரிடம் கணக்குக் கேட்பதும், செபிக்குத் தகவல் தருவதும் கேடு அல்லவே அல்ல. சொல்லப்போனால் அவை இயக்குநரின் வேலை. அப்பா காலமானபின் அண்ணன் ஐம்பத்தொரு சதவீதத்தை வைத்துத் தம்பியை வெளியேற்றும் குடும்பக் கம்பெனிகளில் ‘ஒழுங்கீனம்’ என்ற சொல் மலிவாகப் புழங்குகிறது. அங்கே தம்பிக்கு 241ஆவது பிரிவின்படி தீர்ப்பாயத்தை நாட உரிமை உண்டு. ஆனால் நீக்கியது மட்டுமே ஒடுக்குமுறை ஆகிவிடாது என்று டாடா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், அவருடைய சுமை கனமானது. காரணம் எழுத்தில் இருந்தால், அது பொய்யென்று காட்டவாவது அவருக்கு ஒரு பிடி கிடைக்கும்.

குற்றம் சாட்டப்பட்டவரின் பதிலும் முழுதாக வர வேண்டும். நீக்கத் தீர்மானத்துக்கான சிறப்பு அறிவிப்பைக் கூட்டத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்னே தர வேண்டும். இயக்குநரின் எழுத்துப்பூர்வ விளக்கத்தை உறுப்பினர்களுக்கு அனுப்ப வேண்டும். நேரமின்மையால் அனுப்ப முடியாவிட்டால், அவர் கேட்டால், கூட்டத்தில் வாசிக்க வேண்டும். சுருக்கி வாசிப்பதையும் வாசித்ததாகக் கொள்வதையும் நாங்கள் எதிர்க்கிறோம்.

நீக்கத்துக்கு முன்பே நழுவ ஒரு வழி இருக்கிறது: “சொந்தக் காரணங்களால்” ராஜினாமா. பட்டியலிடப்பட்ட கம்பெனியின் இயக்குநர் விலகினால், விரிவான காரணத்தை ஏழு நாளுக்குள் பங்குச் சந்தைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று செபி விதித்திருக்கிறது. பட்டியலிடப்படாத கம்பெனிகளில் நீக்க அறிவிப்பு பெற்றபின் விலகும் இயக்குநர்களுக்கும் இதே விதி வர வேண்டும். அரசிடம் எங்கள் கோரிக்கை இது ஒன்றுதான்.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிறப்பு அறிவிப்பு தரப் பத்து சதவீதம் தேவையில்லை. வாக்குரிமையில் ஒரு சதவீதம், அல்லது ஐந்து லட்சம் ரூபாய் செலுத்தப்பட்ட பங்குகள் போதும். பத்து ரூபாய் முகமதிப்பில் அது ஐம்பதாயிரம் பங்கு, பலர் சேர்ந்தால் எட்டுகிற கணக்கு. இந்த முறை ஆண்டறிக்கை கைக்கு வந்ததும் தலைவர் உரையைப் பிறகு படித்துக்கொள்ளுங்கள். தொடர்புடைய தரப்புப் பரிவர்த்தனைகள் உள்ள பக்கத்தை முதலில் பாருங்கள். அங்கே யார் பெயர் இருக்கிறது என்பதோடு, இருக்க வேண்டிய யார் பெயர் இல்லை என்பதையும் எங்களுக்கு எழுதுங்கள்.